ஜூலை 30 அன்று துடைக்கப்பட்ட வரி: ‘வரலாற்றில் இந்நாள்’ பட்டியல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிகளின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிப்பதற்காக ‘வரலாற்றில் இந்நாள்’ பட்டியலைத் தொகுத்து அனுப்பியுள்ள குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

பாகூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் சமூக அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். கடந்த ஜூலை 30 காலை, அந்தப் பள்ளியின் வழிபாட்டுக் கூட்டத்தில் ஓர் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். ஒரு மாணவி உங்கள் பட்டியலைத் தெளிவான குரலில் வாசித்தாள். 1930-ஆம் ஆண்டு இதே நாளில் மாண்டிவிடியோ நகரில் நடந்த முதல் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் உருகுவே 4-2 என்ற கணக்கில் அர்ஜென்டினாவை வென்றது. 1966-ஆம் ஆண்டு இதே நாளில், அதே 4-2 கணக்கில், இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியை வென்று கோப்பையைப் பெற்றது. 1863-இல் ஹென்றி ஃபோர்டு பிறந்தார். 1886-இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் பிறந்தார். நான்கும் உண்மையான செய்திகள்; நான்கும் பிள்ளைகள் அறிந்துகொள்ளத் தக்கவை. ஐந்தாவதாக ஒன்று வரும் என்று காத்திருந்தேன். நாட்டுப்பண் பாடிக் கூட்டம் கலைந்துவிட்டது.

அந்த ஐந்தாவது செய்தி முந்தைய நாள் மாலைவரை பள்ளியின் கரும்பலகையில் இருந்திருக்கிறது. 1936-இல் புதுச்சேரி சவானா மில்லில் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய தொழிலாளர் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர் என்று எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தான். காலையில் அது ஈரத்துணியால் துடைக்கப்பட்டு, அதன் மேல் உங்கள் அச்சுத்தாள் ஒட்டப்பட்டுவிட்டது. துடைத்தவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர் உங்கள் சுற்றறிக்கையைக் காட்டினார். பட்டியலில் இல்லாத எந்த நிகழ்வையும் கூட்டத்தில் வாசிக்கவோ பலகையில் எழுதவோ கூடாது என்று அதில் தெளிவாக இருந்தது. இந்த மடல் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே எழுதப்படுகிறது.

அந்த 12 பேரைப் பற்றி நான் முதலில் அறிந்தது புத்தகத்தில் அல்ல. முதலியார்பேட்டையில் எங்கள் ஆயா சொல்லிக் கேட்டேன். தாத்தா மில்லில் நூற்புப் பிரிவில் வேலை பார்த்தவர். ஆயாவுக்கு 1936 என்றோ ஜூலை 30 என்றோ சொல்லத் தெரியாது. தாது வருஷம், ஆடி மாசம், வியாழக்கிழமை என்றுதான் சொல்வார். அன்றைக்கு மில் சங்கு ஊதவில்லை என்பதும், சங்கு ஊதாததால் பொழுது எவ்வளவு ஆயிற்று என்றே தெருவுக்குத் தெரியாமல் போயிற்று என்பதும், தோளில் இருந்த துண்டை யாரோ ஒருவரின் காயத்துக்குக் கட்டக் கொடுத்துவிட்டுத் தாத்தா இருட்டிய பிறகு வெறுந்தோளோடு வீடு வந்து சேர்ந்தார் என்பதும் அவர் சொன்னவை. நான் ஆசிரியையான பிறகு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1936 ஜூலை 30, தாது வருஷத்து ஆடி மாதத்தின் நடுவில், வியாழக்கிழமையில்தான் விழுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் கிழமை பிசகாமல் நினைவில் வைத்திருந்த ஒரு நாள், இன்று அச்சடித்த பட்டியலில் இடம் பெறாமல் போயிருக்கிறது.

பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி மில் தொழிலாளர்கள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக வேலை செய்தார்கள். சங்கம் வைக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. வ. சுப்பையா முதலானோர் அவர்களை ஒன்று திரட்டினார்கள். துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு செய்தி பாரிஸ் வரை போயிற்று. அப்போது அங்கே இடதுசாரிக் கட்சிகளின் கூட்டணியான மக்கள் முன்னணி அரசு பதவியில் இருந்தது. அடுத்த ஆண்டே, 1937-இல், எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் இங்கே சட்டமாயின. உங்கள் பட்டியலில் அதே நாளுக்கு ஹென்றி ஃபோர்டு இருக்கிறார். அவர் 1914 ஜனவரியில் தம் தொழிற்சாலையில் வேலை நேரத்தை ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைத்து, நாளொன்றுக்கு ஐந்து டாலர் ஊதியம் அறிவித்தார். அவர் பிறந்த அதே தேதியில், அதே எட்டு மணி நேரத்தைக் கேட்டதற்காக நம் ஊரில் 12 பேர் உயிரை விட்டிருக்கிறார்கள். ஓரிடத்தில் முதலாளி தாமே முன்வந்து அறிவித்தது, இன்னோரிடத்தில் ஏன் துப்பாக்கிக்கு முன் நின்று வாங்க வேண்டியதாயிற்று என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் கேட்டால், அந்த ஒரு கேள்வியை வைத்து ஒரு வாரம் பாடம் நடத்தலாம். ஒரே நாளில் நடந்தவற்றை அருகருகே வைப்பதன் பயன் இதுதான். நீங்கள் ஃபோர்டை வைத்துக்கொண்டு அந்த 12 பேரை விலக்கியதால் அந்தக் கேள்வி எழவே வழியில்லாமல் போயிற்று.

எங்கள் பள்ளியில் ‘இந்நாள் பலகை’ 1994-இல் தொடங்கியது. வாரத்துக்கு ஒரு வகுப்பு அதைப் பொறுப்பேற்கும். உலகத்திலிருந்து ஒன்று, இந்தியாவிலிருந்து ஒன்று, மிதிவண்டியில் போய் அன்றைக்கே திரும்பி வரக்கூடிய தூரத்திலிருந்து ஒன்று என மூன்று செய்திகள் எழுத வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் கீழே, எந்தப் புத்தகத்தில் படித்தது அல்லது யார் சொன்னது என்று எழுதியே தீர வேண்டும். முதல் இரண்டும் நூலகத்தில் கிடைத்துவிடும். மூன்றாவதற்குத்தான் பிள்ளைகள் அலைவார்கள். வில்லியனூர், கீழூர், அரியாங்குப்பம், தேவனாம்பட்டினம், மஞ்சக்குப்பம் என்று போய்ப் பெரியவர்களிடம் கேட்டு வருவார்கள். கிடைக்காத நாளில் அந்த வரி காலியாகவே இருக்கும். காலியாக இருந்த நாள்களே அதிகம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் காலி வரியும் தேட வேண்டியது இன்னும் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

அப்படித் தேடியதில்தான் செப்டம்பர் 6 கிடைத்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதத் தொடங்கியது 1736 செப்டம்பர் 6. அவர் கணக்கில் நள வருஷத்து ஆவணி மாதம். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1752-இல், அதே செப்டம்பர் 6-ஆம் தேதி பாகூரில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் சண்டை நடந்தது. ஆங்கிலேயர் பக்கம் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், பிரெஞ்சுப் பக்கம் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேக்ஸின் உறவினரான கெர்ஜான், ஆங்கிலேயர் வென்றனர். எங்கள் பிள்ளைகள் நாள்தோறும் பள்ளிக்கு நடந்து வரும் மண்ணில் நடந்த சண்டை அது. ஒரு மாணவி நூலகத்தில் வேறொரு புத்தகத்தை எடுத்து வந்து, இதில் அதே சண்டைக்கு ஆகஸ்ட் 26 என்று போட்டிருக்கிறது, எது சரி என்று கேட்டாள். எனக்கு அப்போது விடை தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் அவளுக்குச் சொல்ல முடிந்தது: இரண்டும் சரி.

இதை நீங்கள் சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஏனெனில் உங்கள் பட்டியலின் பிழை ஒன்றும் இதில் இருக்கிறது. பிரான்ஸ் நாடு 1582-லேயே கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாள்காட்டியையே வைத்திருந்தது. ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டின் முதற்பாதி முழுவதும், புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரரும் தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையில் இருந்த ஆங்கிலேயரும் ஒரே சூரியனைப் பார்த்துக்கொண்டு பதினொரு நாள் வித்தியாசத்தில் தேதி எழுதிக்கொண்டிருந்தனர். இன்று பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிற தூரம் அது. 1746-இல் பிரெஞ்சுப் படையிடம் சென்னை வீழ்ந்த நாள் பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21, ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. பாகூர்ச் சண்டை நடந்து சரியாக எட்டு நாள் கழித்து ஆங்கிலேயரும் மாறினார்கள். அந்த ஆண்டு அவர்களுக்குச் செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. இந்த வித்தியாசத்தை அறியாமல் ‘ஒரே நாள்’ என்று சொல்ல முடியாது.

உங்கள் பட்டியலில் ஏப்ரல் 23-க்கு, ஷேக்ஸ்பியரும் செர்வான்டிசும் 1616-இல் ஒரே நாளில் இறந்தனர் என்று இருக்கிறது. ஸ்பெயின் அப்போது புதிய நாள்காட்டியில் இருந்தது, இங்கிலாந்து பழையதில். இருவரின் தாளிலும் ஏப்ரல் 23 என்று இருந்தாலும் அவை பத்து நாள் இடைவெளியில் வந்த இரண்டு வேறு நாள்கள். போதாக்குறைக்கு, செர்வான்டிஸ் இறந்தது அதற்கு முந்தைய நாள் என்றும் 23 அடக்கம் நடந்த நாள் என்றும் கொள்ளப்படுகிறது. உலகப் புத்தக நாளுக்குப் பொருத்தமான தேதியாக அதை வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் ஒரே நாளில் இறந்தனர் என்று ஐந்நூறு பிள்ளைகள் நிற்கும் கூட்டத்தில் வாசிப்பது தவறு. பள்ளிகளில் சொல்லப்படும் தகவல்களில் பிழைகள் மலிந்துவிட்டன, அவற்றைத் தடுக்கவே ஒரே பட்டியல் என்று உங்கள் சுற்றறிக்கை காரணம் சொல்கிறது. அந்தக் கவலை நியாயமானது; கைப்பேசியில் வருவதையெல்லாம் அப்படியே எடுத்து வாசிக்கும் பள்ளிகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பலர் செய்த பிழையைத் தடுக்க நீங்கள் கண்ட வழியில், ஒரு பிழை எல்லாப் பள்ளிகளிலும் ஒரே காலையில் ஒலிக்கிறது. அதைத் திருத்தக்கூடிய பிள்ளைக்குப் பலகையில் இடமும் இல்லை.

செப்டம்பர் 11 இன்னொன்று. பாரதியார் மறைந்த நாள் என்று அந்தத் தேதியைப் போட்டிருக்கிறீர்கள். அவர் 1921-இல் திருவல்லிக்கேணியில் உயிர் நீத்தது நள்ளிரவைக் கடந்து ஒன்றரை மணி அளவில். ஆங்கிலக் கணக்கில் அது செப்டம்பர் 12, பதிவேட்டிலும் அப்படியே. நம் முன்னோர் கணக்கில் பொழுது விடியும் வரை முந்தைய நாள்தான். ஆகவே 11 என்று சொல்வோரையும் நான் குறை சொல்ல மாட்டேன், தமிழ்நாடு அரசும் 11-ஆம் தேதியையே மகாகவி நாளாகக் கொண்டாடுகிறது. ஒரே ஒரு வரி சேர்த்து இந்த இரண்டு கணக்கையும் சொல்லியிருந்தால், நாள் என்பது எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியே அன்றைய பாடமாகியிருக்கும்.

பாரதியாரைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1918 நவம்பர் 11-இல் முதல் உலகப் போர் ஓய்ந்தது. ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 20 அன்று, பத்தாண்டுக் காலம் தமக்கு அடைக்கலம் தந்த புதுச்சேரியை விட்டுப் பாரதியார் வெளியேறினார். ஆங்கிலேய எல்லைக்குள் நுழைந்ததும் கைது செய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். விடுதலையானது டிசம்பர் 14. இடையில் டிசம்பர் 11 வருகிறது. அந்த ஆண்டு அவர் தம் பிறந்தநாளைக் கடலூர்ச் சிறைக்குள் கழித்திருக்கிறார். உங்கள் பட்டியலில் டிசம்பர் 11-க்கு அவர் எட்டயபுரத்தில் பிறந்த செய்தி மட்டும் இருக்கிறது. நவம்பர் 20-க்கு உலகக் குழந்தைகள் நாள் மட்டும் இருக்கிறது. கடலூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து படிக்கும் பிள்ளைகள் உள்ள பள்ளியில், அந்த ஊரின் பெயர் இந்த இரண்டு நாளிலும் ஒருமுறையாவது சொல்லப்பட வேண்டாமா?

இனி, எனக்கு மிகுந்த வேதனையைத் தந்த ஒன்று. உங்கள் பட்டியல் பள்ளி வேலை நாள்களுக்கு மட்டும் தயாரிக்கப்பட்டிருக்கிறது. விடுமுறை நாளில் கூட்டம் இல்லை, ஆகவே செய்தியும் இல்லை என்பது உங்கள் கணக்கு. எந்த நாள்கள் நமக்கு விடுமுறை என்று எண்ணிப் பாருங்கள். நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள், விடுமுறை. ஆகஸ்ட் 16 சட்டப்படியான இணைப்பு நாள், விடுமுறை. பிரான்சும் இந்தியாவும் இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட 1956 மே 28 கோடை விடுமுறையில் போய்விடுகிறது. ஆகஸ்ட் 15-க்குக் கொடியேற்ற மட்டும் வருகிறார்கள். 1872-இல் அதே நாளில் பிறந்த அரவிந்தர், நாடு விடுதலை பெற்ற அன்று புதுச்சேரியில் தம் 75-ஆம் ஆண்டை நிறைவு செய்தார் என்று சொல்ல அன்று நேரம் இருப்பதில்லை. ஒரு நாள் முக்கியமானது என்பதற்காகத்தான் அதற்கு விடுமுறை விடுகிறோம். விடுமுறை என்பதாலேயே அந்த நாளைப் பற்றி எதுவும் சொல்லப்படுவதில்லை. கீழூருக்கு நான் மாணவர்களை அழைத்துச் சென்ற ஓர் ஆண்டில், நவம்பர் 1 எதற்கு லீவு என்று கேட்டேன். பேருந்தில் இருந்த நாற்பது பேரில் ஆறு பேர் கை தூக்கினார்கள். அதில் நான்கு பேர் கல்லறைத் திருநாள் என்றார்கள். அது அடுத்த நாள்.

நவம்பர் 1 எவ்வளவு பெரிய நாள் என்பதை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில், பிரதிநிதிகள் சபையையும் நகராட்சிகளையும் சேர்ந்த 178 பேர் வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் இணைய வேண்டும் என்றார்கள், எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். இரண்டு வாரத்தில், நவம்பர் 1 காலை, பிரெஞ்சு ஆணையர் பியேர் லாந்தி ஆட்சிப் பொறுப்பை இந்திய அதிகாரி கேவல் சிங்கிடம் ஒப்படைத்தார். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. அதே 1954 நவம்பர் 1-இல், அதே பிரான்சின் ஆட்சிக்கு எதிராக அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. அது ஏழரை ஆண்டு நீடித்து, கணக்கற்ற உயிர்களைக் குடித்து, 1962 ஜூலையில் விடுதலையில் முடிந்தது. நம் இணைப்பு ஒப்பந்தம் 1956-இல் கையெழுத்தாகியும் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்காமல் இழுத்தடித்ததற்கு அல்ஜீரியப் போரே முதன்மையான காரணம். அங்கே போர் முடிந்த பிறகுதான் இங்கே 1962 ஆகஸ்ட் 16 வந்தது. ஒரே நாளில் தொடங்கி ஒரே கோடையில் முடிந்த இரு கதைகள் இவை. ஒன்றின் முடிவுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதாயிற்று. வெறும் தற்செயல் அல்லாத தேதிப் பொருத்தம் அரிதாகவே கிடைக்கும். அது நம் ஊருக்கே கிடைத்திருக்கிறது. 1956-இல் அதே நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் உருவாயின; கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எங்கள் பலகையில் இந்த மூன்றையும் எழுதுவதற்கு அக்டோபர் 31-ஐ, அல்லது அதற்கு முந்தைய வேலை நாளை, ஒதுக்கி வைத்திருந்தோம். உங்கள் பட்டியல் வந்த பிறகு அந்த வழியும் அடைபட்டுவிட்டது. கீழூர் வாக்கெடுப்பின் அக்டோபர் 18-க்குக்கூட உங்கள் தாளில் 1931-இல் எடிசன் மறைந்த செய்தி மட்டுமே இருக்கிறது.

டிசம்பர் 26-உம் அரையாண்டு விடுமுறையில் வருகிறது. 2004-இல் அது ஞாயிற்றுக்கிழமையாகவும் இருந்தது. சுனாமி வந்த அந்தக் காலையில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் சிலர் பனித்திட்டு, நரம்பைக் கடற்கரைகளில் இருந்தார்கள். நான் மஞ்சக்குப்பத்தில் இருந்தேன். தேவனாம்பட்டினத்திலிருந்து மனிதர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்ததை என் வாசலில் நின்று பார்த்தேன். அதைப் பற்றி அதிகம் எழுத என்னால் இயலாது. அடுத்த ஆண்டு விடுமுறைக்கு முந்தைய கடைசி நாளில், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி பலகைக்கு வந்து டிசம்பர் 26, 2004 என்று எழுதி, அதன் கீழே யார் சொன்னது என்ற இடத்தில் ‘நான்’ என்று எழுதினாள். மற்றொரு மாணவன் நூலகத்திலிருந்து வேறொரு செய்தி கொண்டு வந்திருந்தான்: 2003-இல், சரியாக ஓராண்டு முன்னால், அதே டிசம்பர் 26 விடியற்காலையில் ஈரானின் பாம் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்து இருபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவள் எழுதியதன் கீழே அவன் அதை எழுதினான். அந்த மாணவி அதைப் படித்துவிட்டு, அங்கேயும் ஞாயிற்றுக்கிழமையா மிஸ் என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை என்றேன். தலையாட்டிவிட்டு இடத்துக்குப் போனாள். தன் துயரத்துக்கு உலகத்தில் வேறோர் ஊரும் உறவாக இருக்கிறது என்று ஒரு பிள்ளை அறிந்துகொண்ட நாள் அது. அதை நான் எந்தப் பாடப்புத்தகத்தையும் கொண்டு செய்திருக்க முடியாது.

ஜனவரி 30-ஐப் பற்றி ஒன்று மட்டும். அன்று பகல் 11 மணிக்கு நாம் எல்லோரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் காந்தியடிகளுக்காக மௌனம் காக்கிறோம். அதே ஜனவரி 30-இல், 1874-ஆம் ஆண்டு, கடலூர் மாவட்டத்து மேட்டுக்குப்பத்தில் வள்ளலார் தம் அறைக்குள் சென்று திருக்காப்பிட்டுக்கொண்டார். ஸ்ரீமுக வருஷம், தை 19. வடலூரில் தைப்பூசத்தை நட்சத்திரம் பார்த்துக் கொண்டாடுவதால் ஆங்கிலத் தேதி யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. 1874-லும் 1948-லும் அந்த நாள் வெள்ளிக்கிழமையாகவே இருந்தது. கொல்லாமையைச் சொன்ன இருவர் மறைந்த நாள் ஒன்றாக இருப்பதை, வடலூருக்கு இவ்வளவு அருகில் உள்ள பள்ளிகள் அந்த மௌனத்துக்கு முன்னால் ஒரு வாக்கியத்தில் சொல்லலாம். உங்கள் விதிப்படி இன்று சொல்லக் கூடாது.

பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பள்ளிகளுக்கும், நூலகம் இல்லாத பள்ளிகளுக்கும் அது உதவும். ஆனால் அது தொடக்கமாக இருக்க வேண்டும். பூட்டாக இருக்கக் கூடாது. ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

பட்டியலில் இல்லாத எதையும் வாசிக்கவோ எழுதவோ கூடாது என்ற வாக்கியத்தைத் திரும்பப் பெற்று, அதை எல்லாத் தலைமையாசிரியர்களுக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் போதாது. எழுத்தில் வந்த தடைக்கு எழுத்திலேயே விலக்கு வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் கடைசியில் ஒரு வரியைக் காலியாக விட்டு அச்சிடுங்கள். அந்த வரி அந்தந்தப் பள்ளிக்கு உரியதாக இருக்கட்டும். அதில் எழுதுவோர் செய்தி கிடைத்த இடத்தையும் குறிப்பிட வேண்டும் என்று வேண்டுமானால் ஒரு நிபந்தனை வையுங்கள், அதை நான் வரவேற்கிறேன். அதே நிபந்தனையை உங்கள் பட்டியலுக்கும் பொருத்திக்கொள்ளுங்கள்.

விடுமுறையில் வரும் நாள்களுக்கான செய்திகளை அதற்கு முந்தைய வேலை நாளில் வாசிக்கச் செய்யுங்கள். நவம்பர் 1, ஆகஸ்ட் 16, டிசம்பர் 26 ஆகிய மூன்றையும் வரும் அரையாண்டுக்குள், மே 28-ஐக் கல்வியாண்டின் கடைசி வாரத்தில் சேருங்கள். ஜூலை 30-க்குச் சவானா மில் தொழிலாளர்களையும், அக்டோபர் 18-க்குக் கீழூரையும், நவம்பர் 20-க்குப் பாரதியாரின் கைதையும், செப்டம்பர் 6-க்குப் பாகூரையும் ஆனந்தரங்கப் பிள்ளையையும், ஜனவரி 30-க்கு வள்ளலாரையும் சேருங்கள். ஏப்ரல் 29-க்கு உலக நடன நாளோடு, 1891-இல் புதுச்சேரியில் பாரதிதாசன் பிறந்ததையும் 1758-இல் கடலூருக்கு எதிரே கடலில் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பல்கள் மோதியதையும் சேருங்கள். ஏப்ரல் 23-இன் பிழையைத் திருத்துங்கள். செப்டம்பர் 11-க்கு இரண்டு கணக்கையும் எழுதுங்கள். 1752-க்கு முந்தைய ஐரோப்பிய நிகழ்வுகள் எந்த நாள்காட்டியின்படி தரப்பட்டிருக்கின்றன என்று குறிப்பிடுங்கள். இவற்றைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நானும், ஓய்வு பெற்ற என் தோழிகள் இருவரும் எந்தச் சன்மானமும் இன்றி வந்து உட்காருகிறோம்.

இறுதியாக, அந்த எட்டாம் வகுப்பு மாணவன் தன் வரியை மீண்டும் எழுதலாம் என்று அந்தப் பள்ளிக்கு இந்த மாதத்துக்குள் தெரிவியுங்கள். அடுத்த ஜூலை 30 வரை அவனைக் காத்திருக்க வைக்க வேண்டாம். அப்போது அவன் ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருப்பான், பலகை வேறு வகுப்பின் பொறுப்பில் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சமூக அறிவியல் ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.